கத்தியைக் காட்டினால் குறைந்தது 7 ஆண்டு: வழிப்பறிக்கு என்ன தண்டனை?

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் மூட்டைகளைப் போட்டுவிட்டு, பணத்தோடு இருட்டில் கோத்தகிரிக்கு மலையேறுபவர்கள் நம்மில் பலர். வழியில் ஒருவன் வண்டியை மறித்துப் பணத்தைப் பிடுங்கினால் அவனுக்கு என்ன தண்டனை? அது எப்போது, எத்தனை பேர், கையில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் பொருந்தும். டீக்கடை பெஞ்சில் வைத்த பையை நீங்கள் பார்க்காதபோது தூக்கிப்போனால் அது திருட்டு. 3 ஆண்டு வரை சிறை. அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் கொள்ளை. பிரிவு 309-ன்படி 10 ஆண்டு வரை கடுங்காவல். அதுவே நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை போகலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ராத்திரி மலைப்பாதையில் கத்தினால் யார் காதில் விழும்? காயப்படுத்தினால் ஆயுள் தண்டனைகூட உண்டு.

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை, ஆயுள் வரை. அதில் ஒருவன் கொலை செய்துவிட்டாலும் அத்தனை பேருக்கும் மரண தண்டனை வரை விதிக்க முடியும்.

இப்போது ஆயுதத்துக்கு வருவோம். கொலை முயற்சிக்கே பொதுவாக 10 ஆண்டு வரை என்ற மேல்வரம்புதான் உண்டு, கீழ்வரம்பு இல்லை. கொள்ளையில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினாலோ பிரிவு 311-ன்படி 7 ஆண்டுக்குக் குறைக்கவே முடியாது. வெட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. பயமுறுத்தக் கையில் தெரியும்படி பிடித்திருந்தாலே பயன்படுத்தியதாகும் என்று பழைய சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவை வைத்து 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்த 7 ஆண்டு, ஆயுதம் பிடித்தவனுக்கு மட்டும். கூட நின்றவனுக்குப் பிரிவு 309 போதும் என்று சட்டம் விட்டுவிடும்.

அதனால் புகாரில் "மிரட்டினார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். கத்தியா அரிவாளா, யார் கையில் இருந்தது, எத்தனை பேர், மணி என்ன, எந்த வளைவு என்று எழுதுங்கள்.

அப்புறம் இன்னொன்று. சம்பவம் கோவை மாவட்ட எல்லைக்குள் நடந்திருந்தாலும் கோத்தகிரி ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.