டர்பனில் 'ஜஸ்ட் நவ்' என்றால் எப்போது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியது. சரிசெய்பவருக்குப் போன் போட்டால், 'ஜஸ்ட் நவ்' வருவதாகச் சொன்னார். கடைக்குக்கூடப் போகாமல் காத்திருந்தேன். அவர் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எனக்குக் கோபம். பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் விளங்கவைத்தார். இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி அவர். "அவர் சொன்னபடிதானே வந்திருக்கிறார்? இங்கே ஜஸ்ட் நவ் என்றால் அப்புறம்!"

பொது ஆங்கிலத்தில் இந்தத் தொடர் இறந்தகால வினையோடு வந்தால் 'சற்றுமுன்' என்று பொருள். 'ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்' என்றால் 'அவரை இப்போதுதான் பார்த்தேன்'. நிகழ்காலத்தோடு வந்தால் 'இந்த நேரத்தில்'. தென்னாப்பிரிக்காவில் எதிர்காலத்துக்கும் இதுவே வருகிறது. 'ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்' என்றால் 'கொஞ்சம் கழித்துச் செய்கிறேன்'. அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம்.

இதற்கு வேர், டச்சு மொழியிலிருந்து இங்கே கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழியின் 'நெட்நோ'. சற்றுமுன், சற்றுப்பின் இரண்டையும் அந்த ஒரே சொல் குறிக்கும். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியதுதான் இந்த 'ஜஸ்ட் நவ்'. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அந்த ஆங்கிலத்தோடு இந்தத் தொடரும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சிக்கல், அதைத் தமிழாக்கும்போதுதான். இங்கே தமிழ் படிக்கும் பிள்ளை 'வீட்டுப்பாடத்தை இப்போதுதான் செய்வேன்' என்று எழுதினால், 'மற்ற நேரத்தில் மாட்டேன்' என்று பிடிவாதம் பிடிப்பதுபோல ஆகிவிடும். அது சொல்ல நினைத்ததோ 'அப்புறம் செய்கிறேன்' என்பது. 'இப்போதுதான்' என்பது 'வந்தேன்', 'சாப்பிட்டேன்' என்ற முடிந்த வினையோடு வரும்போதுதான் 'சற்றுமுன்' என்ற பொருள் தரும். வரப்போகும் செயலுக்குச் 'சற்று நேரத்தில்', 'கொஞ்சம் கழித்து', 'அப்புறம்' என்பவையே பொருத்தம். எவ்வளவு நேரம் என்று பிடிகொடுக்காத தன்மையில் 'அப்புறம்' மிக நெருங்கி வருகிறது என்பது என் கணிப்பு.

'நவ் நவ்' என்றும் இங்கே சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அது 'உடனே' என்றுதான் கேட்கும். 'போ போ', 'தீ தீ' என்று விரைவுக்கும் அச்சத்துக்கும் சொல்லை அடுக்குவது நம் வழக்கம் அல்லவா? ஆனால் 'நவ் நவ்' உடனே அல்ல. 'ஜஸ்ட் நவ்' வருவதற்கு முன்னால் வரும், அவ்வளவுதான்.

இதற்கு இணையாக நம்மிடம் ஓர் அழகான வழக்கு இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால், "இதோ வந்துவிட்டேன்" என்பார். இன்னும் கையே கழுவியிருக்க மாட்டார். வரப்போவதை வந்ததாகவே சொல்வது, விரைவு பற்றி வரும் 'கால வழுவமைதி', அதாவது காலம் மாறினாலும் பிழையாகாத வழக்கு என்று தமிழ் இலக்கணமும் ஏற்றுக்கொண்டது. 'நவ் நவ்' என்பதை நான் 'இதோ' என்றே தமிழாக்குகிறேன்.

சரி, உண்மையிலேயே உடனே வேண்டுமென்றால்? டர்பனில் 'ரைட் நவ்' என்று அழுத்திக் கேட்க வேண்டும். தமிழில் 'இப்போதே' என்றால் போதும். குழாய்க்காரரிடம் மட்டும் நான் இப்போதெல்லாம் எத்தனை மணிக்கு என்றே கேட்டுவிடுகிறேன்.