கரைவலை மிதப்பும் மரபணுக் கணக்கும்

அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று வருத்தங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும்: சீனி, பிறசர், கொலஸ்ட்ரோல். உப்புவெளிப் பெரியம்மாவின் கொப்பியிலும் அதே மூன்று. தம்பலகாமத்து மாமாவுக்கு அவற்றோடு நெஞ்சு வருத்தமும். “எங்கட பரம்பரையில உள்ளதுதானே தம்பி” என்று அம்மா கதையை முடித்துவிடுவார்.

பரம்பரை என்று சொல்வது சுகம். ஆனால் ஒரு குடும்பத்துக்குப் பொதுவானது இரத்தம் மட்டுமா? ஒரே பானைச் சோறு, ஒரே அளவு சீனி போட்ட தேத்தண்ணி, ஒரே இடப்பெயர்வு, ஒரே கவலை. சீனியும் பிறசரும் சேர்ந்து வருவதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, பானையின் பங்கு எவ்வளவு என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஒருவரையொருவர் அறியாத இலட்சக்கணக்கானவர்களை வைத்து ஓரளவு பிரிக்கலாம். அதைச் செய்யும் மென்பொருள் ஒன்றை அமெரிக்காவின் பிராட் நிறுவனத்தில் பிரெண்டன் புலிக்-சல்லிவன், ஹிலரி ஃபினுகேன் முதலானோர் உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். பெயர் எல்.டி.எஸ்.சி. பைத்தன் மொழியில் எழுதப்பட்டது, இலவசம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

இதில் என்னை முதலில் ஆச்சரியப்படுத்தியது, இந்த மென்பொருள் எவருடைய மரபணுவையும் பார்ப்பதில்லை என்பதுதான். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளின் பட்டியல்கள் அதற்குப் போதும். பட்டியலின் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: ஆர்.எஸ். 7903146. இது 10ஆம் குரோமோசோமில், டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவுக்குள் இருக்கும் ஓர் இடம். அந்த இடத்தில் சிலருக்கு ‘சி’ என்ற எழுத்து, சிலருக்கு ‘டி’. ‘டி’ இருந்தால் சீனி வருத்தம் வரும் வாய்ப்புக் கூடுகிறது. (இந்த மரபணுவின் தொடர்பு 2006இல் ஐஸ்லாந்து ஆய்வொன்றில் வெளிப்பட்டது.) எந்த எழுத்து, எவ்வளவு பாதிப்பு, அது எவ்வளவு உறுதி, எத்தனை பேரிடம் பார்த்தது: வரியில் இருப்பது இவ்வளவுதான். ஆளின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இப்படி 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகளை வைத்துக் கணக்கு நடக்கிறது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நான் நிலாவெளிக் கடற்கரைக்குப் போகவேண்டியிருந்தது. கரைவலை இழுக்கும்போது மேல் கயிற்றில் மிதப்புகள் வரிசையாக ஆடிக்கொண்டு வரும். உள்ளே ஒரு மீன் மோதினால் ஒரு மிதப்பு மட்டும் அமிழ்வதில்லை. பக்கத்து மிதப்புகளும் சேர்ந்து அமிழும். மரபணு எழுத்துகளும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் தலைமுறை தலைமுறையாக ஒரு கட்டாகவே கைமாறுவதால், ஒன்று அசைந்தால் கூட்டமே அசையும். எந்த எழுத்து உண்மையில் வேலை செய்தது, எது சும்மா கூட ஆடியது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மற்றவர்கள் இதைத் தொல்லையாகப் பார்த்த இடத்தில் மென்பொருளை உருவாக்கியவர்கள் ஒரு பிடியைக் கண்டார்கள். ஒரு வலையைக் கற்பனை செய்யுங்கள். சில மிதப்புகள் ஐம்பது மிதப்புகளோடு இறுக்கிக் கட்டியவை. சில தனியே கிடப்பவை. மீன் வலை முழுவதும் பரவலாக மோதுகிறது என்றால், அதிகம் பேரோடு கட்டுண்ட மிதப்புத்தான் அதிகம் அமிழும், ஏனென்றால் அந்த ஐம்பதில் எதில் மோதினாலும் அதற்கும் தெரியும். இந்தக் ‘கட்டுண்ட அளவு’தான் மென்பொருளின் பெயரில் உள்ள எல்.டி. ஸ்கோர். மாறாக, மிதப்புகளை ஆட்டியது நீரோட்டம் என்றால்? கட்டு கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் ஒரே அளவில் ஆடும். ஆய்வில் வெவ்வேறு பூர்வீகத்தார் கலந்திருப்பதால் வரும் பொய்த் தொடர்புகள் இந்த நீரோட்ட வகை. கட்டுண்ட அளவைக் கிடையாகவும் ஆடிய அளவை நிலைக்குத்தாகவும் வைத்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டால், கோட்டின் சரிவு மீனை, அதாவது மரபணுவின் உண்மையான பாதிப்பைக் காட்டும். கோடு தொடங்கும் உயரம் நீரோட்டத்தைக் காட்டும்.

இனி இரண்டு வருத்தங்கள். அதே வலையில் இரண்டு இழுப்பு: ஒன்று சீனிக்கு, மற்றது பிறசருக்கு. ஒவ்வொரு மிதப்பும் இரண்டு இழுப்பிலும் ஆடிய அளவைப் பெருக்க வேண்டும். ஒரே பக்கமாக ஆடியிருந்தால் விடை கூட்டல் குறியோடு வரும், எதிர்ப்பக்கமாக என்றால் கழித்தல் குறியோடு. கட்டுக் கூடக் கூட இந்தப் பெருக்கமும் ஏறினால், இரண்டுக்கும் வலையின் அதே இடங்களில்தான் மோதல் என்று பொருள். இரண்டு ஆய்வுகளிலும் அதே ஆட்கள் கலந்திருந்தாலும் பழுதில்லை. அந்தக் கலப்பு கோட்டின் தொடக்க உயரத்தில் போய் ஒதுங்கிவிடும். கடைசியில் வருவது -1க்கும் +1க்கும் இடைப்பட்ட ஓர் எண்: +1ஐ நெருங்கினால் இரண்டும் ஒரே பக்கம், -1ஐ நெருங்கினால் எதிர்ப்பக்கம், 0 என்றால் தொடர்பில்லை. (ஆய்வு சிறியதென்றால் 1.2 என்றும் வரும். பயப்படத் தேவையில்லை, ஆள் போதாது என்று அர்த்தம்.)

2015இலேயே 24 இயல்புகளைச் சோடி சோடியாக 276 தடவை ஒப்பிட்டார்கள். இதய நாடி நோயும் சீனியும் ஒரே பக்கம் நின்றன, நம் கொப்பிகள் சொல்வதுபோலவே. எதிர்பாராதது வேறு: உணவை வெறுத்து மெலிந்துபோகும் அனோரெக்சியா என்ற நோய் மனச்சிதைவோடு மரபணுவைப் பகிர்கிறது, உடற்பருமனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2018இல் மூளை சார்ந்த 25 நோய்களை ஒப்பிட்டபோது மனநோய்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடந்தன. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் இடையே ஏறத்தாழ 0.7. பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்பு நோய்கள் பெரும்பாலும் தனித்தனியே நின்றன.

ஆனால் எண் காரணம் சொல்லாது. எஃப்.டி.ஓ. என்ற மரபணு 2007இல் சீனி வருத்தத்தைத் தேடும்போது அகப்பட்டது. உடல் எடையைக் கணக்கில் எடுத்ததும் சீனியோடிருந்த தொடர்பு மறைந்துபோனது. அது எடையைக் கூட்டுகிறது. சீனி அதன் பின்னால் வருகிறது. பொது வேர் என்று நினைத்தது ஒரு சங்கிலி.

இன்னொரு பொறியை நம் ஆட்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்: கலியாணம். சம்பந்தம் பேசும்போது உயரம், படிப்பு, உத்தியோகம் எல்லாம் பார்க்கிறோம். உயரமானவர் படித்தவரைக் கட்டிக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் உயரத்தின் எழுத்தும் படிப்பின் எழுத்தும் ஒரே பிள்ளையில் வந்து சேரும். எந்த உயிரியல் உறவும் இல்லாமலே எண் ஏறும். 2022இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கேள்விகளுக்கு மரபணுவில் இப்படியொரு தடம் இருக்கும் என்று எந்தத் தரகர் நினைத்திருப்பார்!

“அப்ப எனக்கு ஏன் வந்ததெண்டு அது சொல்லுமோ?” என்று அம்மா கேட்டார். சொல்லாது. அது ஊர்க் கணக்கு, ஆள் கணக்கல்ல.

எந்த ஊர் என்பதும் முக்கியம். மிதப்புகளின் கட்டு எல்லா மக்களுக்கும் ஒன்றல்ல, ஐரோப்பியரின் எல்.டி. ஸ்கோரைப் போட்டு நம்மவரின் பட்டியலைக் கணக்கிட்டால் விடை கோணும். ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ உலகின் 26 மக்கள்கூட்டங்களில் 2,504 பேரின் மரபணுவை வாசித்து 2015இல் நிறைவுற்றது. அதில் எஸ்.டி.யு. என்ற குறியீட்டில் 102 பேர் இருக்கிறார்கள்: பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். தெலுங்கர், குஜராத்தியர், பஞ்சாபியர், வங்காளியரோடு சேர்த்தால் தெற்காசியர் 489 பேர். ஆக, நம் வலையின் முடிச்சுகள் எப்படிக் கட்டுண்டவை என்று பார்க்க ஒரு தொடக்கம் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் நோய் விபரம் எதையும் சேகரிக்கவில்லை. அந்த 102 பேரில் எத்தனை பேருக்குச் சீனி, எத்தனை பேருக்குப் பிறசர் என்ற கேள்வியை எவரும் கேட்கவேயில்லை.