கண்ணை மூடினால் கடன்காரர் முகம்

பாம்பன் பக்கத்துத் தீவுகளில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) சென்ற வாரம் என்னிடம் வந்தபோது, உறக்கமின்றி அவருடைய கண்கள் குழி விழுந்திருந்தன. விடியற்காலையில் தியானத்தில் அமர்கிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று உறவினர் கேட்டதால், மனச்சோர்வுக்கான மருந்தை அவராகவே நிறுத்திவிட்டார். "கண்ண மூடுனா கடன்காரவுக மொகந்தான் வருது டாக்டரம்மா, எனக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்" என்று அழுதார். சென்ற மாதமும் இதே காரணத்தால் இருவர் வந்தார்கள்.

தியானத்தை நான் எதிர்க்கவில்லை. பலருக்கு நானே பரிந்துரைக்கிறேன். எண்ணமே எழாத நிலைதான் தியானம், எண்ணம் எழுந்தால் நாம் தகுதியற்றவர் என்ற நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மதயானையை வசப்படுத்தினாலும் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று பாடிய தாயுமானவர் சமாதியடைந்தது இதே இராமநாதபுரத்தில்தான்; அவருக்கே அரிதாக இருந்ததை, வட்டிக்குப் பணம் வாங்கிய வீட்டில் ஒரே வாரத்தில் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? மனம் கடனை நோக்கி ஓடும். ஓடியதைக் கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். ஐம்பது முறை ஓடி ஐம்பது முறை திரும்பினாலும் அன்றைய அமர்வு வீணாகவில்லை.

நீருக்குள் எப்போது மேலே வருவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். பாறை கீறிய விரல்களை நெஞ்சில் வைத்துக் காட்டி, "மூச்சு முட்டுறதுக்கு முந்தியே இங்க ஒரு இறுக்கம் வரும், இன்னும் ஒரு கைப்பிடின்னு ஆசைப்படக் கூடாது" என்றார். கோபம் பிள்ளையின் முதுகில் அடியாக விழுவதற்கு முன்பும் நெஞ்சில் அதே இறுக்கம்தான் எழுகிறது. அதைக் கரையிலும் கண்டுகொள்வதையே நான் தன்னுணர்வு என்கிறேன்.

மனச்சோர்வுக்கான மருந்தின் பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகும். குணமடைந்த பிறகும் பொதுவாகக் குறைந்தது 6 மாதங்களாவது தொடர வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் எரிச்சலும் வரலாம். அவற்றைத் தியான அனுபவம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களும், காதில் குரல் கேட்டுச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பல நாள் மௌன விரதத்திலோ இரவு விழிப்பிலோ இறங்கக் கூடாது. தூக்கம் கெட்டாலே நோய் திரும்பக்கூடும். உறவினர்களே, அடுத்தவர் மாத்திரையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகை நம்பிய வீடுகளில் வருமானம் நின்று கடன் கவலை பெருகும். அப்போது செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியே கண்ணை மூடி அமராதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், எந்நேரமும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மருந்தை மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கடலில் இறங்குமுன் விரல்களில் துணி சுற்றும் நேரத்தில் மூச்சைக் கவனித்தால் இப்போதைக்குப் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.