ஓட்டை எவ்வளவு பெரியது? கேமராவும் லென்ஸும் வாங்கும் முன்

வள்ளி கும்மி இரவில்தான் களைகட்டும். மைதானத்தைச் சுற்றி நாலைந்து எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகள், ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டி ஆடும் பெண்கள், நடுவில் ஆசிரியரின் பாட்டு. வேடிக்கை பார்ப்பவர்களில் பாதிப் பேர் கையில் போன். மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பாருங்கள். ஓரமாக நின்றவர்களின் முகம் பளிச்சென்று இருக்கும். ஆடியவர்களின் கைகள் கரைந்து போயிருக்கும். போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒளி உள்ளே நுழைய அதில் இருக்கும் ஓட்டை சிறியது, அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு சிறியது? நல்ல போன் ஒன்றின் முக்கிய கேமராவில் அந்த ஓட்டையின் விட்டம் ஏறத்தாழ 4 மி.மீ. கேமரா கம்பெனிகள் அநேகமாக எல்லாமே விற்கும் சின்ன லென்ஸ் ஒன்று உண்டு: 50 மி.மீ., எஃப் 1.8. அதன் ஓட்டை 28 மி.மீ. விட்டம் ஏழு மடங்கு என்றால் பரப்பு 49 மடங்கு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே நேரம் ஷட்டரைத் திறந்தால், ஆடுகிற ஒருவரின் முகத்திலிருந்து போன் பிடிக்கும் ஒளியைப் போல 49 பங்கு ஒளியை இந்த லென்ஸ் பிடித்துவிடும்.

ஒளி குறைந்தால் படம் இருட்டாக மட்டும் ஆவதில்லை, புள்ளி புள்ளியாகவும் ஆகிறது. ஒளி ஃபோட்டான் என்ற தனித்தனித் துகள்களாக வந்து விழுகிறது; அது விழுவதில் ஒழுங்கு கிடையாது. சராசரியாக 100 ஃபோட்டான் வரவேண்டிய பிக்சலில் ஒருமுறை 92 வரும், இன்னொரு முறை 109 வரும். இந்தத் தடுமாற்றம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது கணக்கு. 100 ஃபோட்டானுக்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 ஃபோட்டானுக்கு 100, அதாவது ஒரே ஒரு சதவீதம். இரவுப் படத்தில் தெரியும் மண் தூவியது போன்ற இரைச்சலில் பெரும்பகுதி இதுதான். ஒளியைப் பதியும் சென்சார் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஒளியின் இந்தக் குணத்தை மாற்ற முடியாது. அதிக ஒளியைப் பிடிப்பது ஒன்றே வழி.

போன் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்க்கும். அசையாத கோபுரத்துக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது. கும்மி கொட்டும் கை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும், அடுக்கினால் பொருந்தாது.

சரி, எஃப் 1.8 என்றால் என்ன? லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸ்மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) ஓட்டையின் விட்டத்தால் வகுத்த எண். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 வருகிறது அல்லவா, அதுதான். எஃப் எண் சிறிதானால் ஓட்டை பெரிது. வாய்க்காலில் மடையை எவ்வளவு அகலம் திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வயலுக்குத் தண்ணீர் பாய்வது போல, எஃப் எண் அகலம், ஷட்டர் நேரம். கேமராவில் ஐ.எஸ்.ஓ. என்ற உணர்திறன் எண்ணை ஏற்றினால் ஒளி கூடுவதில்லை. வந்த ஒளியைப் பெரிதுபடுத்திக் காட்டுகிறது, இரைச்சலையும் சேர்த்து.

கேமராவோடு வரும் கிட் லென்ஸ் பெரும்பாலும் 18-55 மி.மீ., எஃப் 3.5 முதல் 5.6 வரை. அதை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6, ஓட்டை 10 மி.மீ. கூட இல்லை. வெயில் காயும் தரையில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழும். விளக்குப் போட்ட மைதானத்தில் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையசைவு உறைய வேண்டுமானால் ஷட்டர் 250-இல் ஒரு விநாடியாவது (1/250) வேண்டும். அப்போது கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 20,000 பக்கம் போகவேண்டி வரும். எஃப் 1.8 லென்ஸில் 2000 போதும். கேமரா உடம்பு அதே உடம்பு, சென்சார் அதே சென்சார். பட்ஜெட் குறைவாக இருந்தால் பழைய மாடல் கேமராவும் நல்ல லென்ஸும் வாங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பெரிய ஓட்டைக்கு ஒரு விலையும் உண்டு. கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். ஏ.பி.எஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் அந்த 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து, 5 மீட்டர் தள்ளி நிற்பவரை ஃபோகஸ் செய்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து முக்கால் மீட்டர்தான் கூர்மை. முன்வரிசை கிடைத்தால் பின்வரிசை கிடைக்காது. ஒற்றை முகத்துக்கு இது அழகு. முழு வட்டமும் வேண்டும் என்பவருக்குத் தலைவலி.

இனி சென்சார். ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. ஏ.பி.எஸ்-சி ஏறத்தாழ 23.5 × 15.6, அதில் பாதிக்கும் குறைவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13. கால்வாசிக்குச் சற்றுக் கூட. பெரிய சென்சார் அதிக ஒளியைப் பிடிக்கும் என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. சென்சார் ஒளியை இழுப்பதில்லை, இழுப்பது லென்ஸ்தான். ஒரே காட்சியை அடக்க, சின்ன சென்சாருக்குக் குவியத் தூரம் குறைந்த லென்ஸ் போதும். எஃப் எண் மாறாமல் குவியத் தூரம் குறைந்தால் ஓட்டையும் குறையும். ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. காட்டும் காட்சியை ஏ.பி.எஸ்-சியில் 33 மி.மீ. காட்டும், எஃப் 1.8 என்றால் ஓட்டை 18 மி.மீ. தான். வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

பறவைப் பக்கம் போனால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தை எடுத்துக்கொள்வோம். 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டுக்கு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-லேயே சேர்ந்துவிட்டது. இரண்டிலும் பறவை நம் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. அரை மீட்டர் நீளமுள்ள நீர்க்காகம் ஒன்று 50 மீட்டர் தூரத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கிறது, உங்களிடம் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் மேல் அந்தப் பறவையின் பிம்பம் 4 மி.மீ. சென்சார் பெரிதோ சிறிதோ, பிம்பம் அதே 4 மி.மீ. தான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலம்; பறவைமேல் 670 பிக்சல் விழும். அதே 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சியில் பிக்சல் 3.9 மைக்ரான், ஆயிரத்துக்கு மேல் விழும். போனின் முக்கிய லென்ஸில் அறுபது பிக்சல் தேறினால் பெரிது. எனவே பறவைக்கு மட்டும் என்றால் ஏ.பி.எஸ்-சி உடம்பை வாங்கி, மிச்சப் பணத்தை லென்ஸில் போடுவதே கெட்டிக்காரத்தனம்.

பறவை லென்ஸ் ஏன் அவ்வளவு கனம், ஏன் அவ்வளவு விலை என்பதும் ஓட்டைக் கணக்குதான். 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் முன்கண்ணாடி குறைந்தது 95 மி.மீ. அகலம் வேண்டும். அதையே எஃப் 4 ஆக்கினால் 150 மி.மீ. அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குறையில்லாமல் வார்த்து, தேய்த்து, பூச்சுப் பூசுவது சாதாரண வேலையில்லை. ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஒன்றை வெல்ல முடியாது: பங்குனி, சித்திரையில் பத்து மணிக்கு மேல் கரையிலிருந்து எழும் அனல். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கும்போது இறகுகள் தண்ணீரில் நனைந்த காகிதப் படம் மாதிரி கலங்கித் தெரியும். அதற்கு மருந்து விடிகாலையில் எழுந்து போவது.

மாட்டுச் சந்தைக்கு வேறு பாடம். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளையைப் படமெடுக்கிறவர்கள் ஆர்வத்தில் கிட்டப் போய்விடுகிறார்கள். மூஞ்சியிலிருந்து ஒரு மீட்டரில் நின்றால் திமில் ஏறத்தாழ இரண்டு மீட்டரில் இருக்கும். தூரம் இரட்டிப்பு என்றால் பிம்பம் பாதி. மூக்கு பெருத்து, திமில் சூம்பிப்போய், வளர்த்தவர் பார்த்தால் மனம் நொந்துபோவார். ஆறு மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போங்கள்: மூக்கு ஆறு, திமில் ஏழு. அளவு கிட்டத்தட்ட உண்மையாக வந்துவிடும். லென்ஸை மாற்றியதால் வந்த மாற்றம் இல்லை இது, நின்ற இடத்தால் வந்தது. ஆனால் ஆறு மீட்டரில் நின்று காளை படத்தை நிறைக்க நீளமான லென்ஸ் வேண்டும். ஏ.பி.எஸ்-சியில் கிட் லென்ஸின் 55 முனையே இதற்குப் போதும். பகல் வெளிச்சத்தில் அது தாராளமாக வேலை செய்யும்.

“ஏனுங்கண்ணா, இதுல எத்தனை மெகாபிக்சலுங்க?” என்றுதான் கடையில் முதல் கேள்வி விழும். ஏ4 தாளில் அருமையாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். இன்றைக்குக் கடையில் இருக்கும் எந்தக் கேமராவும் அதைத் தாண்டிவிட்டது. மேலே போகலாம். ஒரு விதிவிலக்கு மட்டும் நம்மூருக்குப் பொருந்தும்: துணி. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பார்க்கும். மீதி இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களை வைத்து ஊகிக்கும். கோடக் கம்பெனியில் பிரைஸ் பேயர் உருவாக்கி 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பின்னலாடையின் கண்ணிகளோ கைத்தறியின் இழைகளோ சென்சார்மேல் பிக்சல் இடைவெளிக்கு நெருங்கிய இடைவெளியில் விழுந்தால் ஊகம் தவறி, துணியில் இல்லாத வானவில் கோடுகள் படத்தில் நெளியும். பனியன் கம்பெனிக்கு கேட்டலாக் படம் எடுக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மெகாபிக்சல் கூடினால் இந்தத் தொல்லை குறையும். இல்லாவிட்டால் ஒரு எட்டு முன்னே போங்கள், அல்லது பின்னே வாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

வீடியோ தனி உலகம். 4கே என்பது 3840 × 2160, வெறும் 8.3 மெகாபிக்சல்தான். அங்கே சிக்கல் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன; கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 50-இல் ஒரு விநாடியில் வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், வெளிச்சம் சீராக இருக்கும். 60-இல் ஒன்று என்று வைத்தால் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக ஒரு கணக்கு வரும்; படத்தில் கருப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்து போகும். மெனுவில் பால் (PAL) என்ற வீடியோ முறையைத் தேர்ந்து, விநாடிக்கு 25 பிரேம், 50-இல் ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் கல்யாண மண்டபத் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். மலிவான எல்.இ.டி. திரைகள் தம் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் துடிக்கும். அதற்கு ஷட்டர் நேரத்தை நுணுக்கமாக மாற்ற வசதியுள்ள கேமரா வேண்டும்.

இதே 50-இல் ஒரு விநாடியை மத்தியான வெயிலில் வைத்தால் படம் வெளுத்துப்போகும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 2.8 என்றால் அந்த வெயிலுக்கு 3200-இல் ஒரு விநாடிதான் பொருத்தம். இடைவெளி 64 மடங்கு. ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் திருகினால் கணக்கு நேர். வீடியோ எடுக்கும் ஆசை இருப்பவர் கேமரா வாங்கும் அன்றே இந்த என்.டி. ஃபில்டரையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த வீடியோவில் தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. முழுதும் படிக்க 20 மில்லி விநாடி ஆனால், 60 கி.மீ. வேகத்தில் பஸ் அதற்குள் 33 செ.மீ. நகர்ந்துவிடும், மரத்தின் அடியைப் படிக்கும்போது அது பழைய இடத்தில் இல்லை. விலை உயர்ந்த சில சென்சார்கள் இதைச் சில மில்லி விநாடியில் முடிக்கின்றன. சோனி 2023-இல் அறிவித்த ஏ9-3 கேமரா எல்லா வரிகளையும் ஒரே நொடிப்பொழுதில் பதிகிறது. பொழுதுபோக்குக்கு அவ்வளவு செலவு தேவையா என்றால், தேவையில்லை என்பது என் எண்ணம். கேமராவை மெதுவாகத் திருப்பப் பழகினால் போதும்.

கடைசியாக, மவுண்ட்: லென்ஸ் கேமரா உடம்பில் மாட்டும் வாய். பழைய கேனான் இ.எஃப். லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி நிற்கும்படி செய்யப்பட்டது. காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிக் காட்ட கேமராவுக்குள் இருந்த முகம் பார்க்கும் வகைக் கண்ணாடி மேலும் கீழும் ஆட அந்த இடம் வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடியே இல்லாத புதிய ஆர்.எஃப். மவுண்டில் அது 20 மி.மீ. நிக்கானில் 46.5-லிருந்து 16 ஆனது. எனவே பழைய லென்ஸை நடுவே ஒரு வளையம் வைத்துப் புதிய உடம்பில் மாட்டலாம்; புதிய லென்ஸைப் பழைய உடம்பில் மாட்ட முடியாது. கோவையில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் தேடுகிறவருக்கு இது பெரிய வசதி. வாங்கப் போகும்போது ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் ஒளி அடித்து மறுபக்கம் பாருங்கள். நாலு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. வெள்ளையாகக் கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. வால்பாறை, நீலகிரி ஈரத்தில் பையை மூடியே வைத்திருந்த லென்ஸ்களில் அடிக்கடி பார்க்கலாம். முற்றிய பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். கழற்றித் துடைத்தாலும் தடம் போகாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் லென்ஸுக்கு அது வராமலிருக்க, மழைக்காலத்தில் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நிறம் மாறும் வகை என்றால் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள்.