கண்ணைச் சுத்தி கருக்குதுன்னா கழுத்தையும் கொஞ்சம் பாருங்க

கண்ணுக்குக் கீழ கருவளையம் வந்தா பாக்குறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "ராத்திரி சரியா தூங்கலையா"ங்கிறதுதான். நல்லா 8 மணி நேரம் தூங்கி எந்திரிச்சவங்ககிட்டயும் இதையேதான் கேக்குறாங்க, அவங்களும் பாவம் நமக்குத் தூக்கம் பத்தல போலன்னு இன்னும் சீக்கிரமா படுக்குறாங்க, ஒரு க்ரீம் வாங்கிப் போடுறாங்க, அது சரிப்படலன்னா இன்னொண்ணு. இதுல முக்கால்வாசிப் பேருக்கு அம்மா அப்பாகிட்ட இருந்து வந்த அமைப்பு, அலர்ஜி, வயசு இப்படி ஏதாவது ஒண்ணுதான் காரணமா இருக்கும், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா கொஞ்சம் பேருக்கு அந்தக் கருப்பு உள்ள நடக்குற ஹார்மோன் கோளாறு வெளிய எட்டிப் பாக்குறதா இருக்கலாம். இந்த ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுங்கிறதுதான் விஷயம்.

முதல்ல அந்த இடத்துல ஏன் இவ்வளவு சீக்கிரம் நிறம் மாறுதுன்னு பாத்துடலாம். கண் இமையோட தோல் தடிமன் சுமாரா 0.5 மில்லிமீட்டர்தான், உடம்புலயே ரொம்ப மெல்லிசான தோல் அது. மத்த இடத்துல தோலுக்கு அடியில கொழுப்பு ஒரு மெத்தை மாதிரி இருக்கும், இமையில அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, தோலைத் தாண்டினா நேரா கண்ணை மூடித் திறக்குற வட்டத் தசையும் அதுல ஓடுற ரத்தக் குழாயும்தான். மெல்லிசான துணி வழியா உள்ள இருக்குறது தெரியுற மாதிரி, உள்ள ஓடுற ரத்தம் வெளிய நீலமாவோ ஊதாவாவோ தெரியும். அதனால கருவளையம்னு நாம ஒரே பேர்ல கூப்பிடுறது உண்மையில 3 வேற வேற சமாச்சாரம்: தோல்லயே நிறமி கூடி இருக்கலாம், ரத்தக் குழாய் தெரியலாம், இல்லன்னா கண்ணுக்குக் கீழ குழி விழுந்து அதுல நிழல் தங்கலாம். நிறைய பேருக்கு இது மூணும் கலந்துதான் இருக்கும்.

வீட்லயே ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாக்கலாம். நல்ல வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு, கீழ் இமைத் தோலை விரலால லேசா பக்கவாட்டுல இழுத்துப் பாருங்க. இழுத்தாலும் அந்தப் பழுப்பு அப்படியே தோலோட சேர்ந்து வந்தா அது நிறமி. இழுக்க இழுக்க நீலம் இன்னும் எடுப்பா தெரிஞ்சா அது ரத்தக் குழாய், தோல் இன்னும் மெல்லிசாகுறதால அப்படி ஆகுது. முகத்துக்கு நேரா லைட்டைக் காட்டினதும் காணாமப் போனா அது வெறும் நிழல். ஹார்மோன் பத்தி யோசிக்கணும்னா பெரும்பாலும் முதல் வகை, அதாவது நிறமியா இருக்குற கருப்புதான் முக்கியம்.

நிறமின்னா மெலனின். இதைத் தயாரிக்குற செல்லுக்கு மெலனோசைட்னு பேரு. வெள்ளையா இருக்குறவங்களுக்கும் கருப்பா இருக்குறவங்களுக்கும் இந்த செல்லோட எண்ணிக்கையில பெரிய வித்தியாசமே இல்ல, அது எவ்வளவு சுறுசுறுப்பா வேலை செய்யுதுங்கிறதுலதான் வித்தியாசம். அதனாலதான் இயல்பாவே மாநிறமா கருப்பா இருக்குறவங்களுக்கு கண்ணைத் தேய்ச்சாலோ, வெயில் பட்டாலோ, சின்னதா ஒரு எரிச்சல் வந்தாலோ கூட அந்த இடம் சட்டுனு கருத்துப் போகுது. இந்த மெலனோசைட் சும்மா தன் இஷ்டத்துக்கு வேலை செய்யாது, மேல இருந்து உத்தரவு வரும். வெயில் ஒரு உத்தரவு, புண்ணு ஆறுறது ஒரு உத்தரவு, ஹார்மோன் இன்னொரு உத்தரவு.

அந்த ஹார்மோன் உத்தரவு எப்படி வேலை செய்யுதுன்னு ரொம்பத் தெளிவா காட்டுறது அடிசன் நோய்தான். 1855ல லண்டன் கைஸ் மருத்துவமனையில இருந்த தாமஸ் அடிசன்ங்கிற டாக்டர், ரொம்ப அசந்து போய், எடை குறைஞ்சு, கூடவே தோல் வெண்கலம் மாதிரி கருத்துப் போன 11 நோயாளிகளைப் பத்தி எழுதினார், இறந்தவங்களோட உடம்பைத் திறந்து பாத்தா சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற அட்ரீனல் சுரப்பி கெட்டுப் போயிருந்துச்சு. சுரப்பி எங்கயோ வயித்துக்குள்ள இருக்கு, கருக்குறது முகம், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு அப்ப யாருக்கும் புரியல, ஏன்னா ஹார்மோன்ங்கிற வார்த்தையே அப்ப கிடையாது.

இப்ப நமக்குத் தெரியும். அட்ரீனல் தயாரிக்குற கார்டிசால்ங்கிற ஹார்மோன் ரத்தத்துல குறைஞ்சா மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி பதறிப் போய் "இன்னும் போடு, இன்னும் போடு"ன்னு ஏ.சி.டி.எச்.ங்கிற ஹார்மோனை அனுப்பிக்கிட்டே இருக்கும். அட்ரீனல் கெட்டுப் போனதால பதிலே வராது, அதனால ஏ.சி.டி.எச். ஏறிக்கிட்டே போகும். இந்த ஏ.சி.டி.எச். 39 அமினோ அமிலம் கோர்த்த ஒரு சங்கிலி, அதுல முதல் 13 அமினோ அமிலம் அப்படியே, ஒண்ணு கூட மாறாம, மெலனோசைட்டைத் தூண்டுற எம்.எஸ்.எச். ஹார்மோன்ல இருக்குற அதே வரிசை! ரெண்டுமே ஒரே பெரிய புரதத்தை வெட்டித்தான் உருவாகுது. அதனால அளவுக்கு மீறி ஏறின ஏ.சி.டி.எச். மெலனோசைட்டோட பூட்டுலயும், அதாவது ஹார்மோன் சாவி மாதிரி வந்து சேருற ரிசெப்டார்லயும், போய் பொருந்திடுது, அட்ரீனலுக்குப் போட்ட உத்தரவைத் தோல் எடுத்துக்கிட்டு மெலனினை அள்ளிக் கொட்டுது. எனக்கு உடம்பு வேலை செய்யுற விதத்துல ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இதுதான். இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, பாருங்க: அதே கார்டிசால் குறைவு, ஆனா கெட்டது அட்ரீனல் இல்ல பிட்யூட்டரின்னா, ஏ.சி.டி.எச்.சும் வராது, அவங்களுக்குத் தோல் கருக்காது, வெளுத்துத்தான் போகும்.

இந்தக் கருப்பு கண்ணோட மட்டும் நிக்காது. ரத்தத்துல போற உத்தரவு உடம்பு முழுக்கப் போகும்ல, அதனால உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, ஈறு, வாய்க்குள்ள, பழைய தழும்பு, வெயிலே படாத இடம், எல்லாம் சேர்ந்து கருக்கும். கூடவே தாங்க முடியாத அசதி, எந்திரிச்சு நின்னா தலைசுத்தல், காரணமே இல்லாம எடை குறையுறது, உப்பு உப்பா சாப்பிடணும்னு ஒரு வெறி இருக்கும். கண்ணுக்குக் கீழ மட்டும் கருப்பு, மத்தபடி ஆள் நல்லா இருக்காருன்னா அது அடிசன் நோயா இருக்குறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா நான் சொன்ன இந்தக் கூட்டம் மொத்தமா இருந்து, அதோட வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குறதுன்னு வந்துச்சுன்னா காத்திருக்கவே கூடாது, உடனே எமர்ஜென்சிக்குப் போகணும், கார்டிசால் சுத்தமா இல்லாமப் போனா உயிருக்கே ஆபத்து.

அடுத்தது தைராய்டு. தைராய்டு அதிகமா சுரக்குறவங்களுக்கு இமை கருக்குறதை 1904லயே வியன்னாவுல ஸ்டீஃபன் ஜெலினெக்ங்கிற டாக்டர் கவனிச்சு எழுதினார், இன்னைக்கும் அதுக்கு ஜெலினெக் அறிகுறின்னுதான் பேரு. இதுல கவனிக்க வேண்டியது, மேல் இமையும் சேர்ந்து கருக்கும், சாதாரண கருவளையம் பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தானே. இதுக்குச் சொல்லப்படுற காரணமும் மேல பாத்த அதே கதையைத் தொட்டுத்தான் போகுது, தைராய்டு ஹார்மோன் கூடினா உடம்பு கார்டிசாலை வேகமா கரைச்சுடும், அதை ஈடுகட்ட ஏ.சி.டி.எச். கொஞ்சம் கூடும். கூட என்னெல்லாம் வரும்னா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நல்லா சாப்பிட்டும் இளைக்கிறது, வேர்வை, சூடு தாங்காம போறது. கண்ணு முன்னாடி துருத்துற மாதிரியோ ரெண்டு ரெண்டா தெரியுற மாதிரியோ இருந்தா கண் டாக்டரையும் சீக்கிரம் பாத்துடணும்.

தைராய்டு குறைவா சுரந்தா கதையே வேற. அப்ப தோலுக்கு அடியில தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிற ஒருவித சர்க்கரைப் பசை சேரும், காலையில எந்திரிச்சா இமை பொதபொதன்னு உப்பி இருக்கும், அந்த உப்பலுக்குக் கீழ விழுற நிழல்தான் கருப்பா தெரியுறது. மெலனின் இதுல பெருசா இல்லாததால நிறமியைக் குறைக்குற க்ரீம் போட்டா ஒண்ணும் ஆகாது.

நடைமுறையில டாக்டருங்க அதிகமா பாக்குற ஹார்மோன் காரணம்னா இது ரெண்டும் இல்ல, இன்சுலின்தான். உடம்பு செல்லு இன்சுலினோட பேச்சைக் கேக்க மறுத்தா கணையம் விடாம இன்னும் இன்னும் இன்சுலின் சுரக்கும், அதனால பல வருஷம் சர்க்கரை அளவு நார்மலாவே காட்டும், ரிப்போர்ட் பாத்து நமக்கு ஒண்ணும் இல்லன்னு நிம்மதியா இருப்போம், ஆனா உள்ள இன்சுலின் ஏறிப் போய் இருக்கும். அளவுக்கு மீறின இன்சுலின் தனக்குச் சொந்தமில்லாத ஒரு பூட்டுலயும், ஐ.ஜி.எஃப்.னு சொல்ற வளர்ச்சிக் காரணியோட பூட்டுலயும், போய் பொருந்தி தோல் செல்லைப் பெருக வைக்கும். தோல் தடிச்சு மடிப்பு மடிப்பா வெல்வெட் துணி மாதிரி ஆகும், கருப்பா தெரியும். அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்னு பேரு. இங்க கருப்புக்கு முக்கியக் காரணம் மெலனினை விட தோல் தடிச்சதுதான், அதனாலதான் அழுக்குன்னு நினைச்சு எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். கழுத்தோட பின்பக்கம், அக்குள், தொடை இடுக்கு இதெல்லாம் அதோட வழக்கமான இடம், சிலருக்கு நெத்தி ஓரம், கன்ன எலும்பு, கண்ணைச் சுத்தி வரைக்கும் வரும். கழுத்துல இருக்குற கருப்பைப் பாத்து "சரியா குளிக்குறதில்ல"ன்னு பிள்ளைங்களைத் திட்டுறவங்க தயவுசெஞ்சு இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அது அழுக்கு இல்ல, உடம்பு கொடுக்குற தகவல். பொண்ணுங்களுக்கு இதோட மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போறது, தாடையில முடி, அடங்காத பரு எல்லாம் இருந்தா பி.சி.ஓ.எஸ்.ங்கிற சினைப்பை சம்பந்தமான ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாக்கணும், ஏன்னா கூடின இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகமா தயாரிக்க வைக்கும்.

கர்ப்பமா இருக்கும்போதும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் கூடி முகத்துல மங்கு விழும், கன்னம், நெத்தி, மேலுதடுதான் அதுக்கு இடம், கண்ணைச் சுத்தி ஏற்கனவே இருக்குற கருப்பும் அப்ப கூடலாம். குழந்தை பிறந்தப்புறம் பலருக்கு மெல்ல மங்கிடும்.

ஹார்மோனைத் தேடிப் போறதுக்கு முன்னாடி சாதாரண ஆசாமிங்களையும் ஒரு பார்வை பாத்துடணும். மூக்கடைப்பு அலர்ஜி இருந்தா கண்ணுக்குக் கீழ ரத்தம் தேங்கி நீலமா தெரியும், குழந்தைங்களுக்கு வர்ற கருவளையத்துல இது நிறைய, கூடவே அரிப்புல கண்ணைக் கசக்கிக் கசக்கி நிறமியும் ஏறும். ரத்தசோகை இருந்தா முகம் வெளுத்து அந்த வித்தியாசத்துல கண்ணடி கருப்பா எடுத்துக் காட்டும். கண் அழுத்த நோய்க்குப் போடுற லட்டானோபிராஸ்ட், பைமாட்டோபிராஸ்ட் சொட்டு மருந்தும் இமையைக் கருக்க வைக்கும், இதை நிறைய பேர் சேர்த்து யோசிக்கிறதே இல்ல. அப்படி இருந்தா நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க, பார்வை போயிடலாம், டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பாங்க.

டெஸ்ட்டுன்னு போனா எல்லாத்தையும் எடுக்கணும்னு இல்ல, கூட என்ன இருக்கோ அதை வெச்சுத்தான். படபடப்போ உப்பலோ இருந்தா டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4ங்கிற தைராய்டு டெஸ்ட். கழுத்து கருத்திருந்தா வெறும் வயித்து சர்க்கரை, மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்.பி.ஏ.1.சி. அசதியும் எடை குறையுறதும் உள்ளங்கை கருப்பும் இருந்தா காலை 8 மணி வாக்குல கார்டிசாலும் ஏ.சி.டி.எச்.சும், ஏன்னா கார்டிசால் இயல்பா காலையிலதான் உச்சத்துல இருக்கும், சாயங்காலம் எடுத்துட்டு குறைஞ்சிருக்குன்னு பயந்தா அர்த்தமே இல்ல. வெளுத்துப் போயிருந்தா ஹீமோகுளோபின், உடம்புல இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின். இன்னொண்ணு, முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க ரத்தம் கொடுக்குறதுக்கு முன்னாடி அதைக் கண்டிப்பா சொல்லிடுங்க, சில லேப் முறையில அது தைராய்டு ரிசல்ட்டையே தப்பா காட்ட வைக்கும்.

வெளுப்பாக்குதுன்னு விக்குற க்ரீம் விஷயத்துல எனக்கு உண்மையாவே கவலை இருக்கு. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை டாக்டர் சொல்லாம கண்ணுக்குப் பக்கத்துல மாசக்கணக்கா போட்டா ஏற்கனவே 0.5 மில்லிமீட்டர் இருக்குற தோல் இன்னும் மெலிஞ்சு உள்ள இருக்குற குழாய் இன்னும் பளிச்சுனு தெரியும், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறலாம், கண்புரை கூட வரலாம். சில க்ரீம்ல பாதரசமே இருக்குறதா பல நாடுகள்ல கண்டுபிடிச்சிருக்காங்க.

ஹார்மோன் காரணம்னு உறுதியாகி மருந்து ஆரம்பிச்சாலும் கருப்பு அடுத்த வாரமே போயிடாது. மேல் தோல் தன்னைப் புதுப்பிச்சுக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அங்க இருக்குற மெலனின் அதோட உதிர்ந்து போயிடும், ஆனா கீழ்த் தோலுக்குள்ள இறங்கின மெலனினை அங்க இருக்குற துப்புரவு செல்லு விழுங்கி தனக்குள்ளயே பத்திரமா வெச்சுக்கும், அது கரைய மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. இன்சுலினால வந்த தடிப்பும் எடை குறைய குறைய மெதுவாத்தான் இறங்கும். அதுவரைக்கும் தினம் கண்ணாடி பாத்து மனசு உடையாம, மாசம் ஒரு தடவை அதே ஜன்னல் பக்கத்துல, அதே நேரத்து வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, டாக்டர்கிட்ட அடுத்த தடவை போகும்போது அதையும் காட்டுங்க.