உருகாமல், உடையாமல் மாறும் படிகம்: சுழலும் ஒளி அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

தண்ணீர் பனிக்கட்டியானால் கண்ணுக்கே தெரியும். இரும்பைச் சூடாக்கிக்கொண்டே போனால் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் காந்தத்தில் ஒட்டாது, அதையும் சோதித்துவிடலாம். டோப்பாலஜிக்கல் பொருள்கள், அதாவது லேசாக நெளித்தாலும் மாறாத ஒரு பின்னல் எலக்ட்ரான் அலைகளில் இருக்கும் பொருள்கள், அவற்றின் நிலைமாற்றம் அப்படியில்லை: படிகம் உருகாது, காந்தமாகாது, மாறுவது உள்ளே எலக்ட்ரான் அலைகள் பின்னிக்கொண்டிருக்கும் விதம் மட்டும்தான்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் போட்ட சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழையை எவ்வளவு இழுத்து நெளித்தாலும் சிக்கு மாறாது. மாற வேண்டுமானால் எங்கேயாவது இழையை அறுத்தாக வேண்டும். படிகத்தில் அந்த அறுப்பு, ஆற்றல் பட்டைகளுக்கு (எலக்ட்ரான்கள் இருக்க முடிகிற ஆற்றல் அளவுகளின் தொகுப்புகளுக்கு) நடுவே உள்ள இடைவெளி முழுசாக மூடி மறுபடி திறப்பது.

பிஸ்மத் செலினைடு இதில் பேர்போனது. உள்ளே சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருப்பதால் அங்கே மின்சாரம் ஓடக்கூடாது, மேற்பரப்பு மட்டும் கடத்தும். அங்கே எலக்ட்ரான் போகும் திசையும் அதன் தற்சுழற்சியின் (ஸ்பின்) திசையும் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும். பிஸ்மத் (அணு எண் 83) கனமான அணு, அதனால் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள பிணைப்பு பலமாக இருந்து பட்டைகளின் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது, இதுதான் இங்கே சிக்கு. அதன் இடத்தில் லேசான இண்டியத்தை (49) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பிணைப்பு தளர்ந்து, சாதாரண இன்சுலேட்டராகிவிடும். சரி, மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? மின்தடையை நம்ப முடியாது, ஏனென்றால் நிஜப் படிகங்களில் குறைபாடுகள் இருக்கும், உட்பகுதியும் கொஞ்சம் கடத்தித் தொலைக்கும்.

2022இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகமும் எஸ்எல்ஏசி முடுக்கி ஆய்வகமும் சேர்ந்த குழு ஒளியை வைத்தே இதைப் பிடித்தது. பலமான லேசர் துடிப்பை ஒரு பொருள்மேல் அடித்தால் எலக்ட்ரான்கள் உலுக்கப்பட்டு, உள்ளே போனதைவிடப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி வெளியே வரும். ஹை ஹார்மோனிக் என்பார்கள். வாயுக்களில் இதைச் செய்யும்போது லேசரை வட்டத் தளவிளைவுக்கு, அதாவது மின்புலம் சுழன்றுகொண்டே வரும்படி மாற்றினால் இந்த ஒளி கிட்டத்தட்ட அணைந்துவிடும், ஏனென்றால் கிளம்பிய எலக்ட்ரான் சுற்றிக்கொண்டு போய்விடும், கிளம்பிய அணுவுக்குத் திரும்பாது. பிஸ்மத் செலினைடிலோ வட்டத் தளவிளைவுக்குத்தான் அசாதாரணமான பதில் வந்தது! இண்டியம் சேர்த்துச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்த படிகம் வேறு விதமாக நடந்துகொண்டது.

தளவிளைவுக்கும் (ஒளியின் மின்புலம் அதிரும் விதத்துக்கும்) டோப்பாலஜிக்கும் உள்ள சொந்தம் இதைவிடப் பழையது, அதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. 1956இல், இங்கே ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த 22 வயது பஞ்சரத்தினம், ஒளியின் தளவிளைவைப் படிப்படியாக மாற்றித் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தாலும் போய்வந்த பாதையைப் பொறுத்து அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது) தள்ளிப்போகும் என்று காட்டினார். 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் அலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இதையே சொன்னார், டோப்பாலஜிக்கல் பொருள்களின் கணக்கு அந்தப் பெர்ரி கட்டத்தின்மேல்தான் நிற்கிறது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் பஞ்சரத்தினத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம் என்பது என் கட்சி.

லேசர் முறை வந்துவிட்டதால் பழைய கருவிகளை மூட்டைகட்ட வேண்டியதில்லை. எலக்ட்ரான்களை ஒளியால் வெளியே தள்ளிப் பட்டைகளை நேரடியாகப் படம்பிடிக்கும் முறைதான் இன்னும் நேரான சாட்சி, ஆனால் அதற்குக் கடுமையான வெற்றிடமும் சுத்தமான மேற்பரப்பும் வேண்டும். லேசருக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. பதிலுக்கு, வந்த ஒளி என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளக் கணினியில் பட்டைகளைப் போட்டுக் கணக்குப் பார்த்தாக வேண்டும்.