‘தீங்கற்ற கட்டி’: யாருக்குத் தீங்கற்றது?

சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் கொடுத்த துண்டறிக்கை போன வாரம் என் கைக்கு வந்தது. மூளைக் கட்டிகளைப் பற்றியது. “தீங்கற்ற கட்டிகள் பார்வையையும் நடையையும் பறித்துவிடக்கூடும்” என்று அதில் ஒரு வாக்கியம். எழுதியவர் அதை வாய்விட்டு ஒரு தடவை படித்திருந்தால் அவருக்கே இடித்திருக்கும். பார்வை போவது தீங்கில்லை என்றால் பிறகு எதுதான் தீங்கு? இந்தச் சொல்லை நாளிதழின் மருத்துவப் பக்கத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். துண்டறிக்கையோடு பொறுமை போய்விட்டது.

‘பினைன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் இந்தத் ‘தீங்கற்ற’. அதன் மூலம் இலத்தீன் ‘பெனிக்னுஸ்’. நற்பிறப்புடைய, கனிவான என்று பொருள். எதிர்ச்சொல்லான ‘மாலிக்னன்ட்’டின் வேர் கெடுமனத்தைக் குறிக்கிறது. ‘டியூமர்’ என்பது வெறும் வீக்கம். ‘கேன்சர்’ நண்டு. வேர்க்கதை இவ்வளவே. மேலைநாட்டு மருத்துவர்கள் கட்டிகளுக்கு நல்ல மனசு, கெட்ட மனசு என்று குணம் கற்பித்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் குணச் சான்றிதழை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

தமிழ் நண்டின் பின்னால் போகவில்லை, புற்றைப் பிடித்தது. சேலத்து அம்மன் கோயில்களில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியும். வெளியே தெரிவது ஒரு குவியல், உள்ளே எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே இடித்துத் தள்ளினாலும் மறுபடி எழும்பும். நோயின் இயல்பை நண்டைவிட இது நன்றாகச் சொல்கிறது என்பது என் கட்சி. ‘கட்டி’ மட்டும் கொஞ்சம் தளர்வான சொல். சீழ்க்கட்டியும் கட்டிதான், வெல்லக்கட்டியும் கட்டிதான். ‘கழலை’ என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு முன்கழுத்துக் கழலை என்பதோடு அது நின்றுவிட்டது. அதை மூளைக்குள் கொண்டுபோனால் யாருக்கும் விளங்காது. கட்டியே இருக்கட்டும்.

சரி, ‘தீங்கற்ற’வில் என்ன கோளாறு? தோலுக்கடியில் கொழுப்புக்கட்டி வந்தால் அந்தச் சொல் ஒருவாறு பொருந்தும். சட்டை போட்டால் மறைந்துவிடும், ஆயுசுக்கும் அப்படியே கிடக்கும். மூளையும் தண்டுவடமும் இருக்கிற இடம் வேறு. இரண்டையும் சுற்றி எலும்பு. மண்டையோட்டுக்குள் இடம் இவ்வளவுதான் என்று அளந்து வைத்திருக்கிறது. அங்கே புதிதாக ஒன்று வளர்ந்தால் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒன்று நசுங்கவேண்டும். கட்டியின் குணம் எதுவானாலும் நசுங்குவது நசுங்கும்.

மெனிஞ்சியோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறையில் முளைப்பது. 1922இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். பெரும்பாலும் புற்றல்ல, மெதுவாக வளரும்; வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறிதாகத் தென்பட்டால் கண்காணிப்பதோடு பல நேரம் விட்டுவிடுவார்கள். ஆனால் அதுவே பார்வை நரம்பின் மேல் உட்கார்ந்தால் கண் போகும். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் அடினோமா என்ற சுரப்பிக்கட்டியும் மேலே வளர்ந்து பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தி, பக்கவாட்டுப் பார்வையை மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஆள் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும். (அதே அடினோமாவில் புரோலாக்டின் என்ற பால்சுரப்பு ஹார்மோனைச் சுரக்கும் வகை பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மூளையின் மூன்றாம் அறையில் வருகிற கொலாய்டு நீர்க்கட்டி இன்னும் மோசம். புற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் மூளைநீர் போகும் வழியை அடைத்துவிட்டால் திடீர் மரணம்கூட நேரலாம். அதையும் ‘தீங்கற்ற’ பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைப் புரிந்துகொண்டு 2002இல் சட்டமே போட்டார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் ‘பினைன்’ கட்டிகளையும் புற்றுநோய்ப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும் என்று ஏற்பாடாகி, 2004 ஜனவரியிலிருந்து பதிவாகிறது. ‘பினைன்’ என்றே பேசுகிற ஊரிலேயே அந்தச் சொல்லை நம்பிச் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே மட்டும் ‘தீங்கற்ற’ என்று எழுதிக் கொடுத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை அவர் மகன் என்னிடம் கொண்டுவந்தான். அஸ்தம்பட்டியில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் வாசித்துச் சொல்வேன் என்று அக்கம்பக்கத்தில் ஒரு நம்பிக்கை. “தீங்கில்லாத கட்டின்னு சொல்லிட்டாங்க சார், அப்புறம் எதுக்கு ஆபரேஷன்? காசு பிடுங்கவா?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. சொல்லின் பொருளைத்தான் அவன் புரிந்துகொண்டான். டாக்டரிடம் திரும்பப் போய், “புற்றா இல்லையா, வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது போட்டிச் சொற்களுக்கு வருவோம். ‘தீங்கிலிக் கட்டி’ என்று ஒன்று. ‘தீங்கற்ற’வையே வேட்டியைக் கழற்றிப் பட்டு வேட்டி கட்டிவிட்டதுதான், பழைய குற்றம் அப்படியே இருக்கிறது. சேலத்துப் பேச்சில் ‘சாதாக் கட்டி’ உண்டு. “கேன்சர் கட்டியா, சாதா கட்டியா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மனசுக்கு நெருக்கமான சொல்தான், ஆனாலும் மண்டையைத் திறந்து எடுக்கவேண்டிய ஒன்றைச் சாதா என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இருக்கிறதில் வலுவான போட்டி ‘பரவாக் கட்டி’. தனித்தமிழ் அன்பர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்க அழகு, சின்னச் சொல், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் வேறு. இலக்கண மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. மார்பிலோ குடலிலோ வரும் கட்டிக்கு இது சரியாகவே பொருந்தும். புற்று வேறு உறுப்புக்குப் பரவும், மற்றது பரவாது. மூளைக்கு வந்தால் இந்த அளவுகோல் முறிந்துவிடுகிறது. மூளையிலேயே தோன்றும் மிகக் கொடிய புற்றான கிளியோபிளாஸ்டோமா மூளையையும் தண்டுவடத்தையும் தாண்டி மற்ற உறுப்புகளுக்குப் போவது அரிது. அது மூளைக்குள்ளேயே நாலாபக்கமும் ஊடுருவித்தான் ஆளைக் கொல்கிறது. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போகவில்லையே என்று பார்த்தால் அதையும் ‘பரவாக் கட்டி’ என்று சொல்லவேண்டி வரும். ஒரு சொல் மிக மோசமான நோயாளியையும் மிக நல்ல நோயாளியையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் அது எதற்கு? இதைச் சொன்னபோது ஓர் அன்பர், “பரவுதல் என்றால் ஊடுருவுதலும் அடங்கும்” என்றார். அகராதியில் அடங்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ‘பரவிருச்சா’ என்று கேட்கிறவர் மனசில் வேறு உறுப்புதான் இருக்கிறது.

ஆகவே என் ஓட்டு ‘புற்றல்லாக் கட்டி’க்கு, பேச்சில் ‘புற்று இல்லாத கட்டி’, ‘கேன்சர் இல்லாத கட்டி’ என்றாலும் சம்மதம். இன்னது அல்ல என்று சொல்வது சொல்லாக்கமே இல்லை என்பார்கள். ஏன் இல்லை? நோயாளியின் முதல் கேள்வியே “புற்றா?” என்பதுதான். அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லிவிட்டு, ஆபத்து உண்டா இல்லையா என்பதை இந்தச் சொல் தொடாமல் விடுகிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. அதைக் கட்டி இருக்கும் இடத்தை வைத்து மருத்துவர் சொல்லட்டும். ‘புற்று’ என்ற எழுத்தைப் பார்த்தாலே பயந்துவிடுவார்கள் என்ற மறுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. பயந்தவர் இரண்டாம் முறை படிப்பார். பொய்யாகத் தைரியம் அடைந்தவர் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

மொழிபெயர்ப்பாளர்கள் எதிர்ப்பக்கமும் தடுமாறுகிறார்கள். பெயர் ‘ஓமா’ என்று முடிந்தால் போதும், உடனே புற்று. மெனிஞ்சியோமாவை ‘மூளைச்சவ்வுப் புற்று’ என்று அச்சில் பார்த்தேன். கிரேக்க ‘ஓமா’ மருத்துவப் பெயர்களில் பெரும்பாலும் கட்டியைக் குறிக்கும், அவ்வளவுதான். லிம்போமா புற்று, லிப்போமா வெறும் கொழுப்பு. ஹீமடோமா இரத்தக்கட்டு. டியூபர்குலோமா காசநோய்க் கிருமியால் வருவது, காசநோய் மருந்துதான் அதற்கு முதல் சிகிச்சை. ஆங்கிலத்திலேயே தப்பாக அமைந்த பெயர்களும் உண்டு. ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ என்பது கேட்கும் நரம்பில் வருவது இல்லை, நியூரோமாவும் இல்லை. உடல் சமநிலைக்கான நரம்பின் உறை அணுக்களில் வருகிற ஷ்வானோமா. ஒரு காது மந்தமாகும், இரையும், நடை தள்ளாடும். தப்பான அந்தப் பெயரையும் ‘கேள்நரம்புக் கட்டி’ என்று பத்தியமாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

அடுத்தது, ‘கிரேடு’ என்பதற்கு எழுதுகிற ‘நிலை’. உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளை 1 முதல் 4 வரை வரிசைப்படுத்துகிறது. இது வீரியத்தின் கணக்கு. எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்பதன் கணக்கு அல்ல. இதை ‘முதல் நிலை’ என்று எழுதினால், புற்றை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். ‘தரம்’ என்றால் இன்னும் வேடிக்கை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் முதல் தரம் என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். முதல் தரக் கட்டியை யார் வாங்குவது? ‘வீரியப் படி 1’ என்று எழுதிப் பார்க்கிறேன், ஒத்துவருகிறது. மூளை நரம்பணுக்களைத் தாங்கும் அணுக்களில் வருகிற கிளியோமாக்களில் இரண்டாம் படியில் உள்ளவையும் அப்போது சரியான இடத்தில் உட்காரும். அவை மெதுவாக வளர்ந்தாலும் ஊடுருவும், வருஷங்கள் போனால் வீரியம் கூடக்கூடும். ‘தீங்கற்ற’, ‘தீங்கான’ என்று இரண்டே பெட்டி வைத்திருப்பவர்கள் இவற்றைத் தூக்கி முதல் பெட்டியில் போடுகிறார்கள்.

முதுகுக்கு வந்தால் குழப்பம் கட்டியில் தொடங்குவதே இல்லை, முதுகில் தொடங்குகிறது. எலும்பு, எலும்புக்குள் ஓடும் நரம்பு வடம், அதன் உறை எல்லாவற்றுக்கும் ‘முதுகுத்தண்டு’ என்று ஒரே பெயர். இங்கே கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே பாதி அடையாளம். உறைக்கு வெளியே, முள்ளெலும்பில் வருவதில் பெரும்பகுதி மார்பு, நுரையீரல், புராஸ்டேட் போன்ற வேறு இடத்துப் புற்று வந்து தங்கியது. அதே எலும்பில் தற்செயலாகத் தென்படும் ஹீமாஞ்சியோமா என்ற இரத்தக்குழாய்க் கட்டிக்கு வைத்தியமே பெரும்பாலும் தேவைப்படாது; ‘தீங்கற்ற’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே உரிமை கொண்டாடக்கூடியது அதுதான். உறைக்குள்ளே, வடத்துக்கு வெளியே இருந்தால் பெரும்பாலும் ஷ்வானோமா அல்லது மெனிஞ்சியோமா. புற்றல்ல, ஆனால் விட்டால் கால் விறைத்துப்போகும், உரிய காலத்தில் எடுத்தால் பலர் மறுபடி நடக்கிறார்கள். வடத்துக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் எபெண்டிமோமா, அஸ்ட்ரோசைட்டோமா என்ற கிளியோமா வகைகள், எடுப்பதும் கடினம்.

எனவே எலும்புக்கு முள்ளெலும்பு, உள்ளே ஓடுவதற்குத் தண்டுவடம், போர்வைக்கு உறை என்று மூன்றையும் பிரித்து எழுதவேண்டும். ‘முதுகுத்தண்டில் தீங்கற்ற கட்டி’ என்பதற்குப் பதிலாக ‘தண்டுவட உறைக்குள், வடத்துக்கு வெளியே, புற்றல்லாக் கட்டி, வடத்தை அழுத்துகிறது’ என்று எழுதினால் துண்டறிக்கையில் ஒரு வரி கூடும். கூடட்டும், காகிதத்தின் பின்பக்கம் எப்படியும் காலியாகத்தான் விடுகிறார்கள்.